கொடிமலையில் சாம்பிராணி போடாத வெள்ளிக்கிழமை

பினாங்குத் துறைமுகத்தில் என் பெட்டியைத் திறந்து பார்த்த சுங்க அதிகாரிக்கு உள்ளே இருப்பது என்னவென்று விளங்கவே இல்லை. ஒரு சின்ன மோட்டார், ஒரு ரப்பர் குழாய், வாய் அகன்ற ஒரு பித்தளைக் குவளை. இதே மாதிரி இன்னொரு பெட்டியும் இருந்தது. அவர் மலாயில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற தமிழ்ச் சுமைக்காரர் எனக்காக மொழிபெயர்த்தார். "காற்றை உறிஞ்சி, அதில் மிதக்கிற தூசியைத் தாளில் பிடிக்கும் இயந்திரம்" என்றேன். அதைக் கேட்டதும் அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "தூசி புடிக்கவா கடல் தாண்டி வந்தீங்கன்னு கேக்குறாருக்கா. அவரு வீட்டுலயே நெறைய இருக்காம், வந்து எடுத்துக்கச் சொல்றாரு" என்றார் சுமைக்காரர். நானும் சிரித்து வைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான் தற்காலிக உதவியாளர். மூன்று வருடமாக அதே தற்காலிகம். இந்தப் பயணம் எங்கள் பேராசிரியர் போக வேண்டியது. கடைசி நேரத்தில் அவருக்குக் குடலிறக்க அறுவை செய்துவிட்டதால் பெட்டிகள் என் தலையில் விழுந்தன. வெப்பமண்டலக் கடலின் மேல் காற்றில் என்னென்ன மிதக்கிறது, அது தண்ணீர் மட்டத்தில் எவ்வளவு, உயரே போகப் போக எவ்வளவு என்று பார்ப்பதுதான் வேலை. பினாங்கில் கடலை ஒட்டியே கொடிமலை என்றொரு மலை நிற்கிறது. விமானம் இல்லாத ஏழை ஆய்வகத்துக்கு அது பெரிய வசதி.

"மேலே போகப் போகச் சுத்தமாகத்தான் இருக்கும். மேலே அழுக்கு அதிகமாக வந்தால், இயந்திரத்தை நீங்கள் சரியாக வைக்கவில்லை என்று அர்த்தம்" என்று மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே சொல்லி அனுப்பினார். ஒழுங்கான கணக்கோடு திரும்பினால் என் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் ஆய்வே மூடப்படும், நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மலைக்கும் கரைக்குமாகப் பன்னிரண்டு வட்டத் தாள்கள் கொடுத்திருந்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று என ஆறு நாளுக்குச் சரியாக இருக்கும். ஒன்று கெட்டாலும் வேறு கிடையாது.

கப்பலில் வந்ததே நடுக்கடல் காற்றைப் பிடிப்பதற்காகத்தான். அதற்குத் தனியாக இரண்டு தாள்கள். நாகப்பட்டினம் தாண்டியதும் கப்பலின் முன்மூக்கில், புகைபோக்கியின் புகை எட்டாத இடத்தில் பெட்டியை வைத்து, அதற்குக் காவலாக வாந்தி எடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தாள் வெள்ளையாகவே வந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் உப்புத் துகள்கள் பொடிச் சர்க்கரையாக மின்னின. நான்கு நாள் குமட்டலுக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

முதல் நாள் மதியம் சூலியா தெருவில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் நுழைந்தேன். "தங்கச்சி, கொழம்பு கலக்கவா?" என்றார் கடைக்காரர். எதைக் கேட்கிறார் என்று தெரியாமல் தலையாட்டினேன். மீன், கோழி, பருப்பு என்று நாலைந்து சட்டியிலிருந்து குழம்பை அள்ளி ஒன்றின் மேல் ஒன்றாக ஊற்றினார். எங்கள் ஊரில் சாம்பார் ரசத்தைத் தொட்டாலே முகம் சுளிப்போம். இங்கே சோறு வெள்ளத்தில் மிதந்தது. சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். ஒரு கவளம் உள்ளே போனதும் மூடிக்கொண்டேன். "ஊர்ல மழையா?" என்று கேட்டார். ராமநாதபுரம் பக்கமாம். மழை இல்லை என்று சொன்னதும், அது என் குற்றம் இல்லை என்பது போல இன்னொரு மீன் துண்டு வைத்தார்.

கீழ் இயந்திரத்துக்குப் பாலிக் புலாவ் பக்கம், மேற்குக் கடலைப் பார்த்த ஒரு மீனவக் கிராமத்தில் இடம் கிடைத்தது. அதைக் கவனித்துக்கொள்ள ஒப்புக்கொண்டவர் நடராசா மாஸ்டர், பௌதிக ஆசிரியர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பம். சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருந்தார். "மிஸ், காலமை ஆறு மணி எண்டால் ஆறு மணிதான். அஞ்சு அம்பத்தொன்பதும் இல்லை, ஆறு ஒண்டும் இல்லை" என்றார். வழியில் தோட்டக்காரர் வீட்டில் ஜாதிக்காய்ச் சாறு வாங்கிக் கொடுத்தார். புளிப்பும் காரமுமாக நாக்கு உறைத்தது. நம் ஊரில் ஜாதிக்காயைப் பிள்ளைக்கு உரைத்துக் கொடுப்பதோடு சரி. அதன் சதையை இப்படிக் குடிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

அன்று மாலையே மேல் இயந்திரத்தோடு கொடிமலைக்குப் புறப்பட்டேன். கம்பி வடம் இழுக்கிற ரயில், மரப்பெட்டி, செங்குத்தான ஏற்றம். பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னால் காடு, பின்னால் பள்ளம், மடியில் பெட்டி. முக்கால் மணி நேரம் ஒருவரும் பதறவில்லை. எதிரே இருந்த சீனப் பாட்டி ஒருத்தி ஆரஞ்சு உரித்து எனக்குப் பாதி நீட்டி, தன் மொழியில் ஏதோ சொன்னாள். நடத்துநர் தமிழர். "அவங்க கல்யாணத்தன்னைக்கும் இதே எடத்துலதான் நின்னுச்சாம். அதனால பயப்படாதீங்கன்னு சொல்றாங்க" என்றார். அதில் என்ன ஆறுதல் என்று புரியவில்லை. ஆரஞ்சு இனிப்பாக இருந்தது.

உச்சியில் ஓர் அரசாங்க விருந்தினர் பங்களா. காவலர் முனியாண்டி, அவர் மனைவி லெட்சுமி. லெட்சுமிக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. நான் போய் இறங்கியதும் முதலில் தேநீர் தந்தாள், பிறகுதான் நான் யார் என்று கேட்டாள். என் இயந்திரத்தின் பிளக்கில் இருந்த உருண்டைக் கால்கள் அங்கிருந்த மின்சாரச் சதுர ஓட்டைக்குள் போகவில்லை. முனியாண்டி இரண்டு தீக்குச்சியையும் கொஞ்சம் கம்பியையும் வைத்து ஒரு நொடியில் சரிசெய்தார். இந்த வித்தை நம் ஊர் எலக்ட்ரீஷியனுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

வராந்தாக் கைப்பிடியில், கடலைப் பார்த்து இயந்திரத்தைக் கட்டினோம். காலை ஆறிலிருந்து மதியம் வரை ஓட்டுவது. அதற்கு மேல் மேகம் ஏறி வந்து தாளை நனைத்துவிடும். முதல் மூன்று நாளும் கடற்கரை இயந்திரத்தைப் பார்க்க நான் கீழே போக வேண்டியிருந்ததால், தாள் மாட்டவும் விசையைப் போடவும் லெட்சுமிக்குக் கற்றுக்கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். கிளம்பும்போது, "இதை உங்க வீட்டுப் பொருள் மாதிரி பாத்துக்கணும் லெட்சுமி" என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை மறக்காதீர்கள்.

புதன், வியாழன், வெள்ளி என மூன்று நாள் ஓடியது. சனிக்கிழமை காலை தாள்களை வரிசையாகப் பரப்பினேன். மாஸ்டரின் கடற்கரைத் தாள்கள் மூன்றும் பளிச்சென்று வெள்ளை, கண்ணாடியில் உப்பு. மலைத் தாள்கள் புதன் சாம்பல், வியாழன் இன்னும் கொஞ்சம் சாம்பல். வெள்ளி, அடுப்பங்கரைச் சுவர் மாதிரி கறுப்பு! கட்டிலில் படுத்திருந்த பேராசிரியரின் முகம் கண்முன் வந்து நின்றது. தாளை மூக்கருகே கொண்டுபோனேன். மாரியம்மன் கோவில் வாசனை அடித்தது.

"லெட்சுமி, இங்கே ஏதாவது கொளுத்தினீங்களா?"

"இல்லக்கா. சாம்பிராணி மட்டுந்தான். காலையில வீட்டுக்குக் காட்டுறப்ப அதுக்கும் கொஞ்சம் காட்டுவேன். நேத்து வெள்ளிக்கெழம இல்லையா, கொஞ்சம் கூடவே போட்டேன். அது நல்லா இழுத்துச்சுக்கா!"

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்று என் அம்மாவே சொல்லுவார். அன்று வந்தது மூக்கோடு நிற்கவில்லை. ஆறு தாள்கள் வீண், என் மூன்று வருடம் வீண், படிக்காதவர்களை நம்பி விட்டேனே என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். லெட்சுமி நான் முடிக்கும்வரை நின்று கேட்டாள். "நீங்கதானே அக்கா சொன்னீங்க, வீட்டுப் பொருள் மாதிரி பாத்துக்கன்னு. என் வீட்டுல அப்படித்தான் பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று எனக்கு யாரும் தேநீர் தரவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் ஆயுத பூஜை அன்று அத்தனை கருவிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டுகிறவள் நான்தான். தராசுக்குப் பொரி படைத்தவள். நான் எந்த வாயோடு அவளைத் திட்டினேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கம் வந்தது ஞாயிற்றுக்கிழமைதான். சனிக்கிழமை முழுவதும் கோபமாகவே இருந்தேன்.

ஞாயிறு மலையை விட்டு இறங்கி, போக்கிடம் தெரியாமல் எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்துக்குப் படகு ஏறினேன். பாலம் அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூண்கள் மட்டும் கடலில் நின்றன. பக்கத்தில் இரண்டு மலாய்ப் பெண்கள் துணி காயப்போடுவதைப் பற்றிப் பேசினார்கள். அரிசிப்பை வைத்திருந்த தமிழ் அம்மா ஒருவர், நான் கேட்காமலே மொழிபெயர்த்தார். கீழே வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்கிறதாம். மலைமேல் வேலை செய்யும் தங்கைக்கு மட்டும் ஒரு மாதமாகத் தொண்டை கரகரப்பாம். "மலைக் காத்து எல்லாருக்கும் ஒத்துக்காதுலா" என்று அந்த ஊர் "லா"வோடு அந்த அம்மா தீர்ப்பும் சொன்னார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு என் கவலை.

திரும்பும்போது ஒரு டஜன் வாழைப்பழமும் ஒரு கோடு போட்ட நோட்டும் வாங்கிப் போய் லெட்சுமியிடம் நீட்டினேன். "நான் பேசினது தப்பு" என்றேன். அவள் பழத்தை வாங்கிக்கொண்டு, "நோட்டு எதுக்கு?" என்றாள். மூக்கில் நுழையாத புகை கூடத் தாளில் தெரியும், அதனால் மணிக்கு ஒரு தடவை என்ன எரிகிறது, காற்று எந்தப் பக்கம் என்று எழுத வேண்டும் என்று விளக்கினேன். காற்று எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் அவளே தலையிலிருந்த சிவப்பு நாடாவை அவிழ்த்து வராந்தா ஓரக் கம்பத்தில் கட்டினாள். "சரியாக்கா?" என்றாள். சரியாகத்தான் இருந்தது.

திங்கள், செவ்வாய் ஓட்டினோம். சாம்பிராணி இல்லை. விறகு அடுப்பைக்கூட அவள் பங்களாவின் பின்பக்கம் காற்று போகும் திசைக்கு மாற்றிவிட்டாள். திங்கள் தாள் சாம்பலாக வந்தது; பழைய புகை குழாயில் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக் குழாயைத் துடைத்தேன். செவ்வாய் நான் கடற்கரையில் இருந்தேன். மாஸ்டரின் தாள் மல்லிகைப்பூ. மாலை மேலே வந்து பார்த்தால் மலைத் தாள் மறுபடியும் சாம்பல்.

"எனக்குத் தெரியாம போட்டீங்களா லெட்சுமி?" என்று கேட்டேன். இந்தத் தடவை கத்தவில்லை. கத்தியிருந்தாலே நன்றாக இருந்திருக்கும்.

"சாமி சத்தியமா போடலக்கா" என்றாள். நான் தாளை உறையில் போட்டு மூடினேன். நம்பவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. சாமிக்குக் காட்டாமல் இருக்க இவளால் எப்படி முடியும் என்றே நினைத்தேன். பழக்கம் கையை இழுத்திருக்கும். கடைசி இரண்டு தாள்களில் ஒன்று மாஸ்டரிடம் இருந்தது; மற்றதைப் பூட்டி வைத்தேன். மீதி ஒரே ஒரு நாள். நானே காவல் இருந்து ஓட்டுவது என்று முடிவு செய்தேன். புதனும் வியாழனும் மழை விடவில்லை. மழை விட்டபோது வெள்ளிக்கிழமையாகிவிட்டது.

வியாழன் மாலை லெட்சுமி வந்து நின்றாள். "அக்கா, கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஒரு வெள்ளிக்கெழமகூட விட்டதில்ல" என்றாள். நான் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மலையின் அந்தப் பக்கம் இருக்கிற முருகன் கோயிலில் போய்ப் போட்டுவிட்டு வாருங்கள், அங்கிருந்து புகை இங்கே வராது என்றேன். கம்பத்தில் பறந்த நாடாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "காத்து திரும்பிருச்சுன்னா? வேணாம்லா. ஒரு வாரம் முருகன் பொறுத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளி காலை ஆறு மணிக்கு விசையைப் போட்டேன். வராந்தாவில் நாற்காலி போட்டு இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் லெட்சுமி. முனியாண்டி பீடியைக்கூட மலையடிவாரம் போய்த்தான் பிடித்துவிட்டு வந்தார். லெட்சுமி மணிக்கு ஒரு தடவை எழுந்து நாடாவைப் பார்த்து நோட்டில் எழுதினாள். காற்று கடலிலிருந்துதான் நேராக வந்தது. நடுவில் வீடு இல்லை, அடுப்பு இல்லை, எதுவும் இல்லை.

பத்து மணிக்குத் தாளை மூடியோடு சற்றே திருப்பிப் பார்த்தேன். சாம்பல் ஏறிக்கொண்டிருந்தது. முகர்ந்தேன். கோவில் வாசனை இல்லை. ஏதோ ஈரச் சருகு எரிந்த வாசனை லேசாக.

தலையை நிமிர்த்தினேன். அந்தப் பத்து நாளும் அந்த வராந்தாவிலிருந்து கடலைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரையும் கப்பலையும்தான் பார்த்தேன், காற்றைப் பார்க்கவில்லை. என் கண் மட்டத்துக்கு நேராக, மேற்கே, வானத்தில் பழுப்பாக ஒரு கோடு அடிவானம் முழுக்க நீண்டு கிடந்தது. அதற்குக் கீழே காற்று கண்ணாடியாக இருந்தது. மீன்பிடிப் படகின் பாயைக்கூட எண்ணலாம். காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிந்தது போல, சுத்தமான கடல் காற்றின் மேல் அது மிதந்தது. கீழே நிற்பவன் தலைக்கு மேலே பார்த்தால் வெறும் மங்கலாகத்தான் தெரியும். மலையில் நின்றால்தான் அதன் விளிம்பு தெரியும்.

"லெட்சுமி, அது என்ன?"

"அதுவா? அது தெனமும் வருதேக்கா. அந்தாண்ட சுமத்ராவுல காடு எரிக்கிறாங்கன்னு அவரு சொல்வாரு. காத்து இந்தப் பக்கம் அடிச்சா வரும். நோட்டுலகூட எழுதிருக்கேனே."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க என்ன எரிஞ்சுதுன்னுதான் கேட்டீங்க. இங்க எதுவும் எரியலையே" என்றாள். நோட்டை மூடிவிட்டு, "சொன்னா மட்டும் நம்பிருப்பீங்களா?" என்றாள்.

நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்து நாளாக என் முன்னால் இருந்ததை நான் பார்க்காமல், பார்த்தவளைப் பொய்க்காரி ஆக்கியிருந்தேன். "மன்னிச்சிருங்க" என்றேன். "அலமாக், அழாதீங்கக்கா, மூச்சு மெஷின்ல போயிறப் போவுது!" என்று மலாயும் தமிழுமாகப் பதறி அவள் என்னைத் தள்ளி நிறுத்தினாள்.

மாலை மாஸ்டரே தன் தாளோடு மலைக்கு வந்தார். ஆறு மணிக்கு ஆரம்பித்து, பன்னிரண்டுக்கு எடுத்து, மூன்று பேனாவால் எழுதிய சீட்டோடு. அவர் தாள் வெள்ளை; நிறைய உப்பு. மலைத் தாள் சாம்பல். உப்பு அங்கொன்றும் இங்கொன்றும். தண்ணீர் மட்டத்தில் கடலின் உப்பு, உயரே எங்கோ எரிந்த காட்டின் புகை. நடுக்கடலில் கப்பலில் பிடித்த தாளிலும் இதே வெள்ளை, இதே உப்பு. இடம் மாறினால்தான் காற்று மாறும் என்று நினைத்திருந்தேன், ஒரே இடத்தில் உயரம் மாறினாலும் மாறுகிறது. "அப்ப உங்கட புரொபசர் பிழை" என்றார் மாஸ்டர், ரொம்ப மகிழ்ச்சியோடு.

சனிக்கிழமை இயந்திரத்தைக் கட்டிப் பெட்டியில் வைத்த பிறகு, "இப்பப் போடலாமா?" என்று கேட்டாள் லெட்சுமி. போடுங்கள் என்றேன். கரண்டியில் கங்கு எடுத்துச் சாம்பிராணி தூவினாள். நிலைப்படிக்குக் காட்டினாள், பூட்டிய பெட்டிக்குக் காட்டினாள், எனக்கும் காட்டினாள். அதற்கெல்லாம் முன்னால் ஒரு தடவை நாடா எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டாள்.

திரும்பியது விமானத்தில். மேலேறும்போது சன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன். மலை உச்சி கீழே போனதும் பழுப்புப் போர்வைக்குள் நுழைந்தோம். இன்னும் கொஞ்சம் ஏறியதும் பளிச்சென்று நீலம். பக்கத்து இருக்கைக்காரரைத் தட்டி எழுப்பிக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, சாப்பாடு எப்போது வரும் என்று கேட்டார்.

பேராசிரியர் வீட்டில் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். சாம்பிராணிக் கதை உட்பட ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். "மேலே அழுக்கு" என்று முகத்தைச் சுருக்கினார். கடைசித் தாளை வாங்கி முகர்ந்து பார்த்தார். கறுத்துப் போன முதல் வெள்ளிக்கிழமைத் தாளையும் முகர்ந்தார். இரண்டையும் மாறி மாறிக் கண்ணாடியில் பார்த்தார். "வேற புகைதான்" என்றார். "ஆனா பக்கத்துல எதுவும் எரியலைங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

லெட்சுமியின் நோட்டைக் கொடுத்தேன். நான் அதைப் பிரித்துப் படித்ததில்லை. கொட்டை எழுத்துத் தமிழ். அவர் உரக்கவே படித்தார். "திங்கள். ஏழு மணி. காத்து கடல் பக்கம். அடுப்பு பத்த வைக்கல. செவ்வாய். எட்டு மணி. மேல பழுப்பா கோடு. சாம்பிராணி போடல. சாயங்காலம். அக்கா நம்பல." பக்கத்தைத் திருப்பினார். "வெள்ளி. ஆறு மணி. காத்து கடல் பக்கம். சாம்பிராணி போடல. மனசு ஒரு மாதிரி இருக்கு. ஏழு மணி. போடல. எட்டு மணி. போடல."

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, கட்டுரையை என் பெயரிலேயே எழுதச் சொன்னார். வேலை விஷயமாக முதல்வரிடம் தானே பேசுவதாகச் சொன்னார். நான் நன்றி சொல்வதற்குள், "அடுத்த வருஷம் இன்னொரு தடவை பிடிக்கணும். பத்து நாள் தொடர்ந்து ஓட்டணும். எந்தத் தேதி வச்சுக்கலாம்?" என்று காலண்டரைக் கேட்டார்.

"பத்து நாள்னா ஒரு வெள்ளிக்கிழமையாவது வந்துடும் சார்" என்றேன். "நான் சொல்ல முடியாது. லெட்சுமிகிட்ட கேட்டுத்தான் குறிக்கணும்."